மணியின் நாக்கு

பிப்ரவரி 9

இன்று கெவினைப் பள்ளிக்கூடத்தில் புதைத்தோம்.

கெவின் என் இடது கால். தொடையின் பாதியில் தொடங்குகிறான். உள்ளே உலோகக் குழாய், வெளியே பஞ்சு உறை. அசல் கால் பதினாலு வயதில் எலும்புப் புற்றோடு சேர்ந்து போய்விட்டது. காலுக்கு எதற்கு ஆம்பளைப் பேர் என்று அம்மா கேட்டபோது, "எவ்வளவு உதைச்சாலும் கூடவே வரான், அதான்" என்றேன்.

மதிய இடைவேளையில் நானும் என் தோழி ஷைலினும், துணை முதல்வர் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துப் பனிக்குவியலில் கெவினைச் செருகி, பூட்ஸ் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தோம். மிஸ்டர் ஃப்ரீசன் காபியோடு வந்தார். காபி பனியில் விழுந்தது. வெறும் கையால் தோண்ட ஆரம்பித்தார். மைனஸ் இருபத்தெட்டு. நாற்பது விநாடி தோண்டினார் என்று ஷைலின் எண்ணிச் சொன்னாள். கடைசியில் கால் மட்டும் தனியாகக் கையோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜோரி வசிலிக், உடனே ஆபீசுக்கு வா."

"கொஞ்சம் டைம் ஆகும் சார். என் கால் உங்ககிட்ட இருக்கு."

மூன்று நாள் தண்டனை. தகும்.

வியாழக்கிழமை ஸ்கேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறதுதான்.

பிப்ரவரி 12

டாக்டர் அடெயெமி நல்ல செய்தியை நின்றுகொண்டே சொல்லுவார். இரண்டு வருஷமாகக் கவனித்து வைத்திருக்கிறேன். கதவில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. "சுத்தமா இருக்கு, போய்ச் சாப்பிடு" என்பார். முடிந்தது. இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

நுரையீரலில் மூன்று புள்ளி. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று.

"எவ்வளவு பெரிசு?" அப்பா கேட்டார்.

"பெரியது ஒரு பட்டாணி அளவு."

அப்பா பட்டாணி விதைக்கிறவர். எண்ணூறு ஏக்கர். "நம்ம பட்டாணியா, பக்கத்து வயல்காரர் பட்டாணியா?" என்றேன். அறையில் நான் ஒருத்திதான் சிரித்தேன்.

அம்மா கையில் நோட்டும் பேனாவும் இருந்தன. ஒன்றும் எழுதவில்லை. "அப்படின்னா இது திரும்பி வர்றதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வந்திருச்சு லோர்னா," என்றார் டாக்டர்.

அவர்கள் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் தாழ்வாரத்தில் நின்றேன். எங்கள் வார்டில் எல்லாமே மணிதான். ஒவ்வொரு ஊசிக்கும் ஒன்று என்று பிள்ளைகள் கோத்து வைக்கிற சரத்திலும் மணி. மருந்து ஏறுவதும் மணிக்கணக்கில். தாழ்வாரத்தின் கடைசியில், சுவரில், பித்தளையில் பெரிய மணி ஒன்று. சிகிச்சை முடிந்த பிள்ளை கயிற்றைப் பிடித்து மூன்று தடவை அடிக்கும். நர்சுகள் வரிசையாக நின்று கைதட்டிச் சோப்புக் குமிழி ஊதுவார்கள். கேக் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதத்தில் நானும் அடித்தேன். கெவினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்தப் படம் எங்கள் ஊர் ஐஸ் ரிங்க் சுவரில் இன்னும் தொங்குகிறது.

நல்லா ஏமாத்திட்டே, என்றேன் மணியிடம்.

கெவினின் திருகை இறுக்க ஒரு சின்னச் சாவி எப்போதும் என் பையில் இருக்கும். மணிக்குள் கையை விட்டால் அதே அளவுத் திருகு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாக்கைக் கழற்றி எடுத்தேன். என் கட்டைவிரல் நீளம், பித்தளை, கனம். கயிற்றை உள்ளே மேல் கொக்கியில் முடிந்துவிட்டேன். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை.

கெவினின் பஞ்சு உறைக்குள் ஒரு சாக்ஸில் சுற்றி வைத்தேன். வீட்டுக்கு வண்டியில் இரண்டு மணி நேரம். ரேடியோவில் பயறு விலை சொன்னார்கள்.

பிப்ரவரி 13

வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, ஊருக்கே அபசகுனமான நாள். யாரும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே செய்யவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 15

ஷைலினிடம் சொன்னேன். அவள் அப்பாவுடைய டிரக்கில், ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு மறுபடியும் வந்திருச்சு. உனக்கு என் ஸ்கேட் வேணுமா? ஒண்ணுதான் புதுசு மாதிரி இருக்கும்."

அழுதாள். மூக்கிலிருந்து கோட்டு வரைக்கும் வடிந்தது. அதைப் பார்த்து, "உனக்குப் புற்றுநோய் இல்லடி, சளி" என்றேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முகத்தில் ஹீட்டர் காற்றைத் திருப்பிவிட்டேன்.

வீட்டுக்குள் பதினோரு லசான்யா, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட பாஸ்தா அடுக்கு. ஊரில் யாருக்காவது ஏதாவது ஆனால் தட்டு தட்டாக லசான்யா வரும். ஆழ்குளிர்ப் பெட்டி நிரம்பி, மீதியை அம்மா வராந்தாப் பனியில் அடுக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பேர். சாவு வீட்டுக்கு வரவேண்டியது முன்பதிவில் வந்திருக்கிறது.

பிப்ரவரி 24

முதல் சுற்று கீமோ. ஐந்து நாள் வார்டில்.

பக்கத்து அறை ஓடெட் லாபெர்ஜ். வயது ஏழு. ஒரு சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்துவிட்டார்கள். நான் வந்த அரை மணியில் என் கட்டிலுக்கு வந்துவிட்டாள்.

"இவன் பேரு என்ன?"

"கெவின்."

"கெவின் தூங்குவானா?"

"நான் தூங்கினதும் எழுந்து போய் கேன்டீன்ல சிப்ஸ் திருடுவான்."

யோசித்தாள். நம்பவில்லை, ஆனால் கெவினின் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இருக்கிறதா என்று.

"எனக்குக் கால் இல்ல, உனக்குக் கிட்னி இல்ல. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் வரும்" என்றேன்.

"அப்ப மிச்சத்தை என்ன செய்வாங்க?"

வார்டில் இத்தனை நாளில் யாரும் எனக்கு ஒரு அடி முன்னால் போனதில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். மணி அடிக்கப் பழகுகிறாள். ஜன்னல் திரைக் கயிற்றைப் பிடித்து மூன்று இழுப்பு. திரை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. "மூணு தடவை அடிச்சாத்தான் வியாதி வெளிய போகும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

கெவின் சுவரில் சாய்ந்திருந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு அடி இருக்கும்.

பிப்ரவரி 26

நாக்கைத் திருப்பி வைத்துவிட நேரம் இருந்தது. காலை ஏழு மணிக்கு நர்சுகள் மாறுவார்கள், தாழ்வாரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மருந்துப் பை தொங்கும் கம்பத்தை உருட்டிக்கொண்டு மணி வரைக்கும் போனேன். நாக்கு பாக்கெட்டில். சாவி கையில். மணிக்குக் கீழே நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

வாந்தி வந்தது என்று எழுதலாம். வரவில்லை. நாளைக்கு அவள் அடிக்கப்போகிற சத்தம் எனக்குக் கேட்கவேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான். பிற்பாடு வேறு காரணம் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 27

ஓடெட்டுக்கு மஞ்சள் கவுன். முதுகில் வலையால் செய்த சிறகு. அவள் அம்மா மிரெய் கேக்கைப் பிடித்திருந்தாள், அப்பா கைபேசியில் படம் எடுத்தார். நர்சுகள் வரிசையாக. குமிழிகள். நான் என் அறை வாசலில் கம்பத்தைப் பிடித்து நின்றேன்.

இழுத்தாள். எல்லோரும் முன்கூட்டியே கைதட்டிவிட்டார்கள். கைதட்டல் அடங்கின பிறகுதான் மணி அடிக்கவே இல்லை என்று தெரிந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி. பிறகு கயிற்றில் முழு உடம்போடு தொங்கினாள். கயிறு ஆடுகிற சரசரப்பு மட்டும் கேட்டது.

பெர்லிட்டா — எங்கள் தலைமை நர்ஸ் — மணிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "நாக்கைக் காணோமே."

உடனே எல்லோரும் வாயால் அடித்தார்கள். டிங், டிங், டிங். ஒரு டாக்டர் வாந்தித் தட்டைப் பேனாவால் தட்டினார்.

"அது மணி இல்ல," என்றாள் ஓடெட். அழவில்லை. சுற்றிலும் பார்த்து என்னைக் கண்டுபிடித்தாள்.

"ஜோரி, உனக்கு அடிச்சுதுல்ல?"

"அடிச்சுது."

"சத்தமாவா?"

"சத்தமா."

"அப்ப எனக்கு மட்டும்தான் அடிக்கல."

சிறகைத் தானே கழற்றி, இரண்டாக மடித்து, அம்மாவிடம் கொடுத்தாள். கேக்கை யாரும் வெட்டவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். கெவினுக்குள் இருந்து எடுத்து நீட்டியிருக்கலாம். எல்லோரும் திட்டியிருப்பார்கள், மணி அடித்திருக்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் பெர்லிட்டா மருந்துப் பை மாற்ற வந்தாள். மேஜைமேல் கிடந்த சின்னச் சாவியைப் பார்த்தாள்.

"கெவினோட சாவியை எப்பவும் கைக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கே."

"இல்லன்னா கழண்டுடுவான்."

"ம்," என்றாள். ஊசி குத்தும்போது எப்போதும் பாடுவாள். இன்று பாடவில்லை.

மார்ச் 8

ஊர் ஹாக்கிப் பையன்கள் பதினோரு பேர் எனக்காக மொட்டை போட்டுக்கொண்டார்கள். ரிங்க் நடுவில் கூப்பிட்டு, ஹெல்மெட்டை ஒன்றாகக் கழற்றிக் காட்டினார்கள். ஊரே எழுந்து நின்றது.

கஷ்டம் என்னவென்றால் எனக்கு இன்னும் முடி கொட்டவில்லை. தோள் வரைக்கும் பின்னலோடு நான், சுற்றிலும் பதினோரு முட்டை. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். டாசன் தலையில் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது, ஸ்பூன் வைக்கலாம். மைக்கைக் கொடுத்தார்கள். "நன்றி. உங்க முகத்துக்கு இது பொருந்தல, ஆனா முகம் ஏற்கெனவே பொருந்தல" என்றேன். சிரித்தார்கள். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறார்கள் இப்போது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11

கொட்டிவிட்டது. பையன்கள் மனம் நோகக்கூடாதென்று போலும்.

மார்ச் 19

இரண்டாம் சுற்று. பெர்லிட்டா மருந்து ஏற்றிக்கொண்டே, சும்மா செய்தி சொல்கிற மாதிரி சொன்னாள்:

"லாபெர்ஜ் குட்டி நினைவிருக்கா? ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, சுத்தம். ஆனா கையில கட்டின வார்டு பட்டையை வெட்ட விடமாட்டேங்கறாளாம். தோல் புண்ணாயிடுச்சு. துணிப் பையைக் கட்டிக் கதவுகிட்ட வெச்சிருக்காளாம், இன்னும் முடியல, திரும்பக் கூப்பிடுவாங்கன்னு. பள்ளிக்கூடம் போகல."

"புது நாக்கு வாங்கிப் போட்டுட வேண்டியதுதானே?"

"ஆர்டர் போட்டிருக்கோம். பழைய மணி, அளவு கிடைக்கல." என்னை நேராகப் பார்த்தாள். "எடுத்தவங்க கொண்டு வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், ஜோரி."

எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன்.

ஏப்ரல் 14

அப்பா அறைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார். டாக்டர் உட்கார்ந்தார்.

மூன்று இப்போது ஏழு. கீமோவால் எனக்கு முடி போனது, நகம் கறுத்தது, பதினாலு கிலோ குறைந்தது. பட்டாணிகள் மட்டும் செழிப்பாக இருக்கின்றன.

டொரன்டோவில் ஒரு சோதனை மருந்து இருக்கிறதாம். நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்குக் கொஞ்ச நாள் கட்டி நிற்கலாம். அங்கேயே தங்கவேண்டும், கோடை முழுக்க. இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம். நிறுத்தினால்?

"இலையுதிர் காலம் வரைக்கும் தாங்கும்னு சொல்ல முடியாது," என்றார். டாக்டர் அடெயெமியின் நல்ல குணம், தரையைப் பார்த்துப் பேசமாட்டார்.

பதினாறு வயது. இங்கே சட்டப்படி கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 15

எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

சமையலறையில் அம்மா டொரன்டோவுக்குப் போக என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போகலன்னு சொன்னேன்.

"போகலன்னா என்ன அர்த்தம்? சும்மா உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா என்னை?"

"ஆமா. பாத்துக்கிட்டு இரு. எனக்கு லைசென்ஸ் எடுக்கணும். குட்டையில குளிக்கணும். வாந்தி எடுக்காம ஒரு கோடை வேணும்."

"அந்த ஏழெட்டுப் பேருல ஒருத்தியா நீ இருந்தா?"

"நீ எனக்காகப் போகச் சொல்லல. நான் செத்தப்புறம் சர்ச் கூடத்துல நின்னு, எல்லாம் செஞ்சு பாத்தோம்னு சொல்லிக்கணும் உனக்கு. அதுக்கு என்னை டொரன்டோ வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகணுமா?"

ஏன் அப்படிச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன் — எந்த இடத்துல குத்தினா இறங்கும்னு பாத்துக் குத்தினேன்.

அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பட்டியலை மடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் பேருந்து எஞ்சின் ஹீட்டரின் வயரைப் பிடுங்கினாள், மறுபடி செருகினாள். ஏப்ரலில் அதற்கு வேலையே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலு தடவை செய்தாள்.

ஏப்ரல் 17

மருந்து ஏற்ற வைத்திருந்த நெஞ்சுக் குழாயை எடுக்க வார்டுக்குப் போனோம். கடைசி நாள். எனக்குக் கேக் இல்லை, குமிழி இல்லை. நான் போகிற வழிக்கு இங்கே சடங்கு வைக்கவில்லை. பெர்லிட்டா கட்டிப்பிடித்தாள், பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு.

வரும்போது மணியைப் பார்த்தேன். உள்ளே சூப் கரண்டி ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் சூப் கரண்டி.

கெவின் இன்று ரொம்பக் கனம்.

மே 6

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். தேர்வு எடுத்தவர் கெவினைப் பார்த்து, "இடது கால்தானே, ஓட்ட அது தேவையில்லை" என்றார். "என்னோட மிச்சமும் அதிக நாள் தேவைப்படாது சார்" என்றேன். பக்கவாட்டில் வண்டி நிறுத்துவதை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு சக்கரம் நடைபாதையில். பாஸ்.

சாவதில் சில வசதிகள் இருக்கின்றன.

மே 13

டாசன் முத்தம் கொடுத்தான். பட்டாணி மிட்டாய் — சே, திராட்சை மிட்டாய் சுவை. அவன் தலையில் இப்போது அரை அங்குலம் முடி. பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். "பரிதாபப்பட்டுக் குடுத்தியா?" என்றேன். "ஏழாம் கிளாஸ்ல என் ஹெல்மெட்டுக்குள்ள நீ மயோனைஸ் ஊத்தினதுலேருந்தே குடுக்கணும்னு இருந்தேன்" என்றான்.

சரி.

மே 17

குட்டையில் குளித்தோம். தண்ணீர் ஐஸ். ஷைலின் அலறினாள். கெவின் கரையில் எங்கள் துணிகளுக்குக் காவல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தண்ணீரில் வாங்கவில்லை. வினோதம்.

சாயங்காலம் அம்மா, "வா" என்றாள். ஒரு மாசமாகச் சாப்பாடு, மாத்திரை தவிர எங்களுக்குள் பேச்சில்லை. பேருந்தை விதைக்காத வயலுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். ஓட்டுநர் இருக்கையைக் காட்டினாள். யாருக்காவது தெரிந்தால் அவள் வேலை போய்விடும்.

நாற்பத்தெட்டு இருக்கை, மஞ்சள் திமிங்கிலம், பழைய தாள்கட்டைமேல் குதித்துக் குதித்துப் போனது. நான் கத்தினேன். அம்மா பின்னாலிருந்த கம்பியைப் பிடித்து நின்றாள்.

"அன்னிக்கு நீ சொன்னது சரிதான்," என்றாள். "எனக்குச் சொல்லிக்கணும்னு இருந்துச்சு."

"அம்மா, நான்..."

"ரோட்டைப் பாரு."

"ரோடே இல்லம்மா."

"அப்ப வயலைப் பாரு."

மூன்று சுற்று ஓட்டினேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் கேட்க விடவுமில்லை.

மே 30

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

அப்பாவின் டிரக், நான் ஓட்டினேன். ஷைலின் பக்கத்தில். நாக்கு எங்கள் இருவருக்கும் நடுவில், காபிக் குவளை வைக்கிற குழியில். ஓடெட் ஊருக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் ஷைலின், "என்ன சொல்லப்போறே?" என்று கேட்டாள். "கெவின் திருடிட்டான்னு சொல்லப்போறேன்" என்றேன்.

பண்ணை வீடு. மிரெய் வாசலில் நின்று மாவுக் கையைத் துடைத்தாள். என்னைப் பார்த்ததும், என் தலையையும் கன்னத்தையும் பார்த்ததும், முகம் இளகியது. அந்த இளக்கம் எனக்கு உரியது இல்லை. அதனால் உடனே நாக்கை நீட்டினேன்.

"நான்தான் எடுத்தேன். உங்க பொண்ணு அடிக்கிறதுக்கு முன்னால. வேணும்னுதான் திருப்பி வைக்கல."

மிரெய் அதை வாங்கவில்லை.

"மூணு மாசமா அவ பையைக் கதவுகிட்ட வெச்சுக்கிட்டுத்தான் தூங்குறா," என்றாள். "நாய் குட்டி போட்டப்பக்கூட வேடிக்கை பாக்க வெளிய வரல. நீ வியாதிக்காரி. இல்லன்னா இப்போ அறைஞ்சிருப்பேன்."

"அறையலாம். கன்னம் நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு எல்லாம் விளையாட்டு, இல்ல?"

அதற்குள் ஓடெட் வந்துவிட்டாள். தலையில் முடி, கோழிக்குஞ்சு மாதிரி. மணிக்கட்டில் அந்தப் பட்டை, அழுக்கேறி, சுற்றிலும் சிவந்து. "கெவின்" என்றாள், என் பேரைச் சொல்லாமல்.

மண்டியிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணி நல்லாத்தான் இருந்துச்சு. நீயும் நல்லாத்தான் இருக்கே. நான்தான் கெட்டவ.

நாக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் அடிச்சுதே. சத்தமா அடிச்சுதுன்னு சொன்னியே. அப்புறம் ஏன் உனக்கு மறுபடியும் வந்துச்சு?"

ஷைலின் தரையைப் பார்த்தாள். மிரெய் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது.

எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் — ஆசிரியர்களுக்கு, போலீசுக்கு, ஒரு பாதிரியாருக்கு. எதற்கும் இத்தனை வேகமாக யோசித்ததில்லை.

"நான் ரெண்டு தடவைதான் அடிச்சேன்," என்றேன். "கெவினைத் தூக்கிக்கிட்டு இருந்தேனா, கை வலிச்சுது. ரெண்டோட நிறுத்திட்டேன்."

அவள் வாய் திறந்தது. "மூணு அடிக்கணும். எனக்கே தெரியுமே அது."

"உன்னை மாதிரி எனக்குப் புத்தி இல்லையே."

அடிக்க மணி இல்லை. ஓடெட்டே கண்டுபிடித்தாள்: கொட்டகைக்குப் பின்னால் தானியக் கிடங்குகள், மூன்று மாடி உயரத் தகரம், விதைப்பு முடிந்து காலியாக நின்றன. நாக்கை முஷ்டியில் பிடித்து ஓங்கி அடித்தாள். தகரம் முழுக்க முழங்கியது. நாய்கள் குரைத்தன. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றும் அடங்கும்வரை காத்திருந்து அடித்தாள். பிறகு கையை அம்மாவிடம் நீட்டினாள். மிரெய் கோழி வெட்டுகிற கத்தரிக்கோலால் பட்டையை வெட்டினாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஓடெட் திரும்பி நாக்கை என்னிடம் நீட்டினாள்.

"உனக்கு ஒண்ணு மிச்சம் இருக்கு."

"இல்ல, பரவாயில்ல."

"அடி. அடிச்சா உனக்கும் சரியாயிடும்."

ஷைலின் டிரக் பக்கம் நடந்து போய்விட்டாள். நான் வாங்கினேன். தகரம் வெயிலில் சூடாக இருந்தது. நான் சொன்ன பொய்க்கு நானே நின்று அடிக்கவேண்டியிருந்தது. அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன். காலிக் கிடங்கு, அதற்கே முழங்கியது.

ஓடெட் கைதட்டினாள். கெவினின் பூட்ஸைத் தட்டிக்கொடுத்தாள்.

வண்டி வரைக்கும் மிரெய் வந்தாள். நாக்கை வார்டில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

"அழகாப் பொய் சொல்றே," என்றாள். "இனிமே இந்தப் பக்கம் வராதே."

திரும்பும்போது ஷைலின் ஓட்டினாள்.

ஜூன் 14

ஆக்சிஜன் குழாய் மூக்கில். இருபது அடிக் குழாய். வீட்டுக்குள் எங்கே போனாலும் பின்னால் வருகிறது. அப்பா இரண்டு தடவை மிதித்துவிட்டார். மூன்றாம் தடவை மிதித்ததும் விளையாட்டுக்குக் கண்ணை மேலே செருகிக் கீழே சரிந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், இது கடைசி, இனி இவரிடம் செய்வதில்லை என்று முடிவு செய்தேன்.

மிஸ்டர் ஃப்ரீசன் லசான்யா கொண்டுவந்தார். தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் போர்வையின் இடது பக்கத்தைத் தட்டி, "இங்க யாரையாவது தோண்டி எடுக்கணுமா?" என்றார். அவர் நல்லவர் என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 8

ஓடெட்டிடமிருந்து கடிதம். பச்சை மெழுகுப் பென்சிலில் தகரக் கிடங்கு, பக்கத்தில் நான். எனக்கு இரண்டு காலும் போட்டிருக்கிறாள். கெவினைத் தனியாக நிற்க வைத்து, கையில் சிப்ஸ் பாக்கெட்.

"பள்ளிக்கூடம் போனேன். நாய்க்குட்டிக்குக் கெவின்னு பேர் வெச்சேன். உனக்கு இப்போ சரியாயிடுச்சா?"

உறைக்குள் தனியாக ஒரு துண்டுக் காகிதம், மிரெய் கையெழுத்து: அவ தினமும் கேக்குறா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீயே சொல்லு. நீ கெட்டிக்காரி.

ஜூலை 11

ஷைலினை அஞ்சலட்டை வாங்கிவரச் சொன்னேன். இருபத்து நாலு.

"யாருக்குடி இத்தனை?"

"ஒருத்திக்குத்தான். நான் எழுதி வெச்சுடறேன், மாசம் ஒண்ணு நீ தபால்ல போடணும். ரெண்டு வருஷம் அவ சுத்தமா இருந்தா, அப்புறம் நீயே நேர்ல போய்ச் சொல்லு."

"நான் என்னன்னு சொல்றது?"

"அதை யோசிக்க உனக்கு ரெண்டு வருஷம் இருக்கே. எனக்கு இருந்தா நான் யோசிச்சிருக்க மாட்டேனா?"

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து அட்டைகளோடு வந்தாள். எல்லாவற்றிலும் ஒரே பசு.

ஜூலை 19

முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். வெளியே பட்டாணி பூத்திருக்கிறது. அம்மா பேருந்தைக் கழுவுகிறாள், விடுமுறையில், எதற்கு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் எழுதியாயிற்று: வெயில் தாங்கல, கெவினுக்கு வேர்க்குரு. செப்டம்பர்: பன்னிரண்டாம் கிளாஸ், பையன்கள் யாரும் சரியில்லை. அக்டோபர்: அறுவடை, டிரக்கைக் குழியில் விட்டேன், அப்பா பேசுவதில்லை. நவம்பர்: முதல் பனி, மிஸ்டர் ஃப்ரீசன் பனிக்குவியலைக் கண்டாலே சுற்றிப் போகிறார். இரண்டு வரிக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது.

ஷைலின் டிசம்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல கையெழுத்து நடுங்குதுடி. கண்டுபிடிச்சுடுவா."

கொண்டா என்று வாங்கி, பசுவின் வால் பக்கம் ஒரு வரி சேர்த்தேன்:

வெளியே மைனஸ் முப்பது. கையுறையோட எழுதுறேன்.